பதினாறு மாம்பலகை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பழைய வீடுகளைப் பற்றிப் பேசாமல் எழுந்திருப்பதில்லை. கூடம் என்றும் கிணறு என்றும் சொல்லிச் சொல்லி நீங்கள் எல்லாரும் உருகுகிறீர்கள். எனக்கு உருகத் தெரியவில்லை. மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல்தான். அந்தக் கூடத்தின் குறுக்கே ஒரு வருஷம் பலகை அடித்தார்கள். எத்தனை பலகை வாங்குவது, எப்படி அறுப்பது என்று இரண்டு பெரிய மனிதர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இத்தனை வயதாகியும் அந்தக் கணக்கு ஞாபகம் வந்தால் பல்லைக் கடிக்கிறேன்.

ஊரெல்லாம் உப்பு காய்ச்சக் கடற்கரைக்குப் போன வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கலாம். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். விரல் நுனிகள் எப்போதும் மையில் கறுத்திருக்கும். அவருடைய அண்ணன், என் பெரிய நைனா, சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. கோட்டும் தலைப்பாகையுமாகப் போய் வருவார். அப்புறம் என் அம்மா, பெரியம்மா, நான். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. நான் படுத்தது அவளுடைய கட்டிலில்தான். நாடா பின்னிய பழைய கட்டில். புரண்டால் கிறீச்சிடும். அவள் புடவையில் எப்போதும் வசம்பும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை அடிக்கும். அந்த வாசனையில்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அந்தக் கோடையில் நைனா கதர் கட்ட ஆரம்பித்தார். கூட்டத்துக்குப் போனார், கள்ளுக்கடை வாசலில் நின்றார். கொல்லைக் கொடியில் கெட்டியாய், பழுப்பாய் அவருடைய வேட்டி காயும். காய ஒரு நாள் ஆகும். அது யார் கண்ணில் பட்டதோ, ஒரு நாள் பெரிய நைனாவின் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக் கொடியில கதர் காயுதாமே?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் பெரிய நைனா சாப்பிடவில்லை. கோட்டைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே கூரைக்கு அடியில கீறோம், ஒரே அடுப்புல துன்றோம்" என்றார் நைனாவிடம். "நாளைக்கு உன்னப் புடிச்சிக்கினு போனா என்னையும் இல்ல கேப்பாங்க?"

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது அண்ணாத்தே. அதுக்காக நான் இத்த அவுக்க மாட்டேன்" என்றார் நைனா, வேட்டியைத் தொட்டுக் காட்டி.

"உன்ன யாரு அவுக்கச் சொன்னாங்க? தனித்தனியா கீறோம்னு நான் சொல்லணும். சொன்னா, வந்து பாத்தா அப்பிடித்தான் இருக்கணும்."

அப்படித்தான் முடிவாயிற்று. கூடத்தின் குறுக்கே ஒரு தடுப்பு. முன்பாதி, தெருவாசலும் முன் அறையும் சேர்த்து, பெரிய நைனாவுக்கு. பின்பாதி, சமையலறை, கிணறு, கொல்லை எல்லாம் எங்களுக்கு. எங்களுக்கு வழி கொல்லைக் கதவும் அதற்குப் பின்னால் ஓடும் சாக்கடைச் சந்தும். செங்கல் வைத்தால் சித்தாள் வருவாள், மண் வண்டி வரும், தெருவுக்கெல்லாம் தெரியும் என்று மரப்பலகை போதும் என்றார்கள். பெண்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்ப வேணாலும் கழட்டிக்கலாம்" என்றும் சொல்லி வைத்தார்கள்.

வந்து பார்ப்பார் என்று பயந்தார்களே, அந்த மேலதிகாரி கடைசிவரை எங்கள் சந்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி உங்களை அதிர வைக்க எனக்கு இஷ்டமில்லை.

கணக்கு ஆரம்பித்தது. சாயங்காலம் இருவரும் வேலையிலிருந்து வந்ததும் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துச் சிவப்புத் தரையில் உட்காருவார்கள். கோடு போடுவார்கள், அழிப்பார்கள், மறுபடி போடுவார்கள். காலையில் பெரியம்மா தரையைத் துடைக்கும்போது எல்லாம் போய்விடும். சாயங்காலம் வந்து, "எங்க வுட்டோம்?" என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். அவள் வேண்டுமென்றே துடைத்தாளா என்று நான் கேட்டதில்லை. தரை என்றால் துடைக்கத்தானே வேண்டும்.

எண்கள் எனக்கு மறக்கவில்லை. தினமும் காதில் விழுந்தால் எப்படி மறக்கும்? கூடம் சுவருக்குச் சுவர் பதினாறு அடி. தரையிலிருந்து உத்தரம் ஒன்பது அடி. மரவாடியில் கிடைத்த மாம்பலகை பன்னிரண்டு அடி நீளம், பத்து அங்குலம் அகலம். ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஓர் அங்குலம் ஏறினால்தான் இடுக்கு தெரியாது. ஆகவே ஒரு பலகை அடைக்கிற இடம் ஒன்பது அங்குலம்தான்.

பலகையை நிறுத்திவைத்து அடிக்க வேண்டும் என்றார் பெரிய நைனா. அப்படியானால் இருபத்திரண்டு பலகை வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்பது அடி போக மூன்று அடித் துண்டு வீணாகும். நைனாவுக்கு அது பொறுக்கவில்லை. அச்சுப் பக்கத்தில் எழுத்து அடுக்குகிறவர் அல்லவா, ஒரு நூல் இடம் வீணானாலும் அவர் முகம் சுளிக்கும்.

"படுக்க வெச்சி அடிக்கலாம் அண்ணாத்தே. ஒரு வரிசைக்குப் பதினாறு அடி. ஒரு முழுப் பலகை பன்னண்டு, பக்கத்துல ஒரு நாலடித் துண்டு. ஒரு பலகைய மூணா அறுத்தா மூணு வரிசைக்கு நாலடி ஆச்சி. பன்னண்டு வரிசைக்குப் பதினாறு பலகை. ஒரு விரக்கடை மரம் மீறாது, பாத்துக்க."

பெரிய நைனா கோடுகளைச் சுற்றி வந்து பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"படுக்கப் போட்டா மாட்டுக் கொட்டாயி மாதிரி இருக்கும்டா. பசங்க கால வெச்சி ஏறும்."

வீட்டில் இருந்த பசங்கள் நான் ஒருத்திதான். நான் எதிலும் ஏறுகிறவள் இல்லை.

அம்மா அப்போது ஆறு மாசமோ ஏழு மாசமோ. சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்ப்பாள். எனக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. அம்மாவுக்குப் போக ஒரு தாய்வீடும் இல்லை. இரண்டு தடவையும் அவள் தலைமாட்டில் இருந்து, இரண்டு தடவையும் அவளைத் தேற்றி எழுப்பினவள் பெரியம்மா. இந்தத் தடவையும் பெரியம்மா இருப்பாள் என்கிற ஒரே தைரியத்தில்தான் அம்மா நடமாடிக்கொண்டிருந்தாள். இது எனக்கே தெரியும். கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒரு சாயங்காலம் நான் கேட்டேவிட்டேன். "கதவு எங்க வெப்பீங்க?"

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"இன்னா கதவு?" என்றார் பெரிய நைனா.

"அம்மாவுக்குப் பாப்பா பொறக்கறப்போ பெரியம்மா வரணும் இல்ல?"

"சுத்திக்கினு வரும். தெருவுல போயி, கோடி திரும்பி, பின்சந்தால வந்தா உங்க கொல்லை. இதுல இன்னா கஷ்டம்? கதவு வெச்சா அப்புறம் தடுப்பு இன்னாத்துக்கு?"

நைனாவைப் பார்த்தேன். அவராவது ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். அவர் தரையில் போட்ட கோட்டைப் பார்த்தபடியே, "கதவுன்னா நெலை வேணும், கீல் வேணும். கணக்கே மாறிடும். நீ போயி அம்மாகிட்ட குந்து" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அம்மா என் தலையில் கை வைத்தாள். இப்போதும் எனக்குப் புரியவில்லை. ஒரு விரற்கடை மரம் மீறாமல் கணக்குப் போடத் தெரிந்த மனிதருக்கு, மனைவியின் வயிறு கண்ணுக்கு நேரே நிற்பது எப்படித் தெரியாமல் போகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மரவாடிக்குப் போனார்கள். மாட்டு வண்டியில் பலகை வந்து இறங்கியது. பதினாறு பலகை. பச்சை மரத்தின் புளித்த வாசனை வீடெங்கும் நின்றது. நைனா முகத்தில் ஜெயித்த களை. அண்ணன் தன் கணக்கை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார். பெரிய நைனா ஒப்புக்கொண்டது எண்ணிக்கையை மட்டும்தான். படுக்கவைப்பதை இல்லை. இந்த வித்தியாசத்தை இருவரும் வாயைத் திறந்து பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் நைனா வேலைக்குக் கிளம்பிப் போனார். ஆசாரி வந்தார். பெரிய நைனா கோட்டை மாட்டிக்கொண்டே அவரிடம், "எல்லாத்தையும் ஒம்போது அடியா அறுத்துடு. நிறுத்தி அடிக்கணும்" என்றார்.

"சின்னவரு படுக்க வெக்கணும்னு சொன்னாரே?"

"நான் சொல்றேன் இல்ல?"

"ஆவட்டும்" என்றார் ஆசாரி. அவர் யார் என்ன சொன்னாலும் "ஆவட்டும்" என்பார். கடைசியாகச் சொன்னவர் சொல்தான் அவருக்குக் கணக்கு. பகல் முழுக்க ரம்பம் ஓடியது. மரத்தூள் சாதத்தில் விழுந்தது, அம்மாவுக்குக் குமட்டியது. சாயங்காலம் நைனா வரும்போது, ஒன்பது அடிப் பலகை பதினாறு ஒரு பக்கம், மூன்று அடித் துண்டு பதினாறு இன்னொரு பக்கம் சாத்தியிருந்தது.

நைனா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அறுத்துட்டியா?" என்று ஆசாரியைக் கேட்டார். அதற்குள் வந்துவிட்டிருந்த அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணாத்தே, பதினாறு பலகைய நிறுத்தினா பன்னண்டு அடிதான் அடையும். மீதி நாலடிக்கு இன்னா பண்ணுவ?"

"அதெப்பிடி? நீ சொன்ன அதே மரம். படுத்தா இன்னா, நின்னா இன்னா, அளவு குறைஞ்சிடுமா?"

"மரம் குறையல. அதோ துண்டு துண்டா நிக்கிதே!"

அன்றைக்கு இரண்டு பேரும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று மரத்தில் அடிக்க முடிவு செய்தவர்கள்! கடைசியில், அறுத்தது அறுத்தாயிற்று என்று இருக்கிற பதினாறையும் நிறுத்தி அடிக்கச் சொன்னார்கள். கிழக்குச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி மூடியது. மேற்கே நாலு அடி திறந்து கிடந்தது.

அந்த நாலு அடியை நான் ஆசையாகப் பார்த்தேன். தாராளமாக ஒரு ஆள் போகலாம், வரலாம். பெரியம்மா இடுப்பில் குடத்தோடு வருவாள், போவாள். அம்மா குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள். இன்னொரு தடவை பலகை வாங்குவது என்று பேச்சு எடுத்தாலே இருவரும் சண்டைக்கு வந்ததால், அது அப்படியே நின்றுவிடும் என்று நம்பினேன். அப்படியே விட்டிருக்கலாம்.

விடாதவர் யார் தெரியுமா? நைனா. பெரிய நைனா இல்லை, என் நைனா. அந்த மூன்று அடித் துண்டுகள் அவரைத் தூங்க விடவில்லை. ஒரு காலையில் பல்லுக்குச்சியோடு அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அப்படியே அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, மூணும் மூணும் மூணும் ஒம்போது. மூணு துண்ட ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்தினா உத்தரத்துக்குப் போயிடும். அந்த மாதிரி அஞ்சு அடுக்கு. பதினஞ்சு துண்டு ஆச்சி. மூணே முக்கா அடி அடைஞ்சிடும்!"

பெரிய நைனா சாக்குக்கட்டியை வாங்கித் தரையில் போட்டுப் பார்த்தார். "அட!" என்று தம்பியின் தோளைத் தட்டினார். அவர் நைனாவைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த மழைக்கு முந்தின மாசங்களில் அவர்கள் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து பேசினதுபோல அதற்கு முன்னும் பேசினதில்லை, பின்னும் பேசினதில்லை. பிரிந்து போவதற்கான வேலை ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து உட்கார வைத்தது. இது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் நாலு அடி போகிறது என்பது.

துண்டுகள் சேருகிற இடத்தில் ஆணி அடிக்கக் குறுக்குச் சட்டம் வேண்டும் என்றார் ஆசாரி. சட்டத்துக்கு எங்கே போவது என்று இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பெரியம்மாவின் கட்டில் கண்ணில் பட்டது. நாடாவை அவிழ்த்து மூலையில் சுருட்டிப் போட்டார்கள். நீளச் சட்டம் இரண்டையும் அறுத்து, மூன்றாவது அடியில் ஒன்று, ஆறாவது அடியில் ஒன்று என்று பொருத்திவிட்டார்கள். கட்டில் வேண்டுமா என்று பெரியம்மாவை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் முன்பாதியில் பாயில் படுத்தாள். நான் பின்பாதியில் அம்மாவின் பக்கத்தில் படுத்தேன், தூக்கம் வராமல்.

எல்லாம் அடித்து முடிந்தபோது மேற்குச் சுவரோரம் மூன்று அங்குல இடுக்கு மிஞ்சியது. ஒரு துண்டும் மிஞ்சியது. நைனா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத்த நீளவாட்டுல மூணு பட்டையா கிழிச்சா, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி அதையும் அடைச்சிடலாம்" என்றார். ஆசாரி, "ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாண வீட்டு வேலைக்குப் போனார். வாரக்கணக்கில் வரவில்லை.

பின்பாதி இருட்டாகிவிட்டது. தெருக்காற்று நின்றுபோயிற்று. முன்பாதிக்கு வேறு கஷ்டம். முன் அறையில் ஒரு கரி அடுப்பும் தெருக்குழாய்த் தண்ணீருமாகச் சமையலைச் சமாளித்துக்கொண்டார்கள். ஆனால் கக்கூஸ் எங்கள் கொல்லையில் இருந்தது. இதை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. விடிந்தும் விடியாமலும் பெரிய நைனா செம்பைத் துண்டில் மறைத்துக்கொண்டு தெருவோடு நடந்து, கோடி திரும்பி, சாக்கடைச் சந்தால் வந்து எங்கள் கொல்லைக் கதவைத் தட்டுவார். நான்தான் திறந்துவிடுவேன். நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவரும் என்னைப் பார்க்க மாட்டார். பால்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் தெருவே பேசியது.

அந்த இடுக்கு வழியாக அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்வார்கள். பெரியம்மா விரல்களை நீட்டுவாள், நான் பிடித்துக்கொள்வேன். வெற்றிலை வரும், காகிதத்தில் மடித்த பஜ்ஜி வரும். கிண்ணம் வராது.

"எப்பிடி கீது இன்னிக்கி?" என்பாள் பெரியம்மா.

"கீழ எறங்கின மாதிரி கீதுக்கா. பயமா கீது."

"இன்னா பயம்? நான் இங்கதான கீறேன்."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையிலிருந்தே கொட்டியது. நைனாவும் பெரிய நைனாவும் குடையோடு வேலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். மத்தியானம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புடவை நனைந்திருந்தது.

"பெரியம்மாவக் கூப்புடு" என்றாள்.

இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன். பெரியம்மா ஓடி வந்தாள். ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் எனக்குத் தெரிந்தது.

"வலியா? வுட்டு வுட்டு வருதா, சேந்தாப்புல வருதா?"

"தெரியல பெரியம்மா. அம்மா பேசமாட்டேங்குது."

"கொல்லக் கதவத் தெறந்து வை. இதோ வந்துட்டேன்."

தெருவில் போன பூக்காரியைக் கூப்பிட்டு மருத்துவச்சியிடம் அனுப்பிவிட்டு, பெரியம்மா மழையில் இறங்கினாள். நான் கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். சாக்கடைச் சந்து சந்தாக இல்லை. கறுப்புத் தண்ணீர் ஆறாக ஓடியது. எங்கள் படி மூழ்கி, ஒரு தேங்காய் ஓடும் செருப்பும் சுழன்றுகொண்டு போயின. கோடியில் பெரியம்மாவின் தலை தெரிந்தது. இடுப்பு வரை தண்ணீரில் நின்று சுவரைத் தடவிக்கொண்டு ஓரடி வைத்தாள், இன்னோரடி வைத்தாள், சட்டென்று மார்பு வரை அமிழ்ந்தாள். நான் அலறினேன். சுவரைப் பற்றி எப்படியோ எழுந்து, என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே அம்மா முனகுகிற சத்தம். அந்தப் பலகைகளைக் கையால் அறைந்தேன். காலால் உதைத்தேன். எங்கள் பக்கமிருந்து அடித்த ஆணி, எங்கள் பக்கமிருந்து உதைத்தால் எப்படி அசையும்? அழுதுகொண்டே உதைத்தேன்.

"தள்ளிப் போ கண்ணு. தூரப் போ" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

பிறகு இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். பெரியம்மா உலக்கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முழுப் பலகை நின்ற இடத்தில் முதலில் இடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை. துண்டுகளை அடுக்கியிருந்த பக்கம் வந்து, கீழ்த்துண்டு ஒன்றில் இடித்தாள். ஆணி நெகிழ்ந்து துண்டு எங்கள் பக்கம் ஆடியது. மறுபடி இடித்தாள். அது பிளந்துகொண்டு என் காலடியில் வந்து விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நைனாவின் கணக்குப்படி துண்டு துண்டாக அடைத்ததால் அது பெயர்ந்தது. பெரிய நைனா கேட்டதுபோல எல்லாம் முழுப் பலகையாக இருந்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று அடி உயரத்தில் ஓர் ஓட்டை. மேலே கட்டில் சட்டம். அதன் கீழே, சாக்கடையும் மழையும் சொட்டச் சொட்டப் பெரியம்மா தவழ்ந்து வந்தாள். பருத்த உடம்பு. தோளில் ஆணி கிழித்து ரத்தம் வந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, அம்மாவின் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மருத்துவச்சியும் அதே ஓட்டையில் நுழைந்தாள். "இன்னாம்மா இது, கோழிக் கூண்டுல பூந்து வர்ற மாதிரி கீது" என்றாள். வந்ததும் கேட்டது வெந்நீர். கொல்லைத் தாழ்வாரத்து விறகெல்லாம் நனைந்து புகைந்தது, பற்றவில்லை. பெரியம்மா சுற்றிப் பார்த்தாள். பெயர்ந்து கிடந்த மூன்று துண்டையும், மூலையில் சாத்தியிருந்த அந்தப் பதினாறாவது துண்டையும் தூக்கிக்கொண்டு வந்து அரிவாளால் பிளந்து அடுப்பில் வைத்தாள். காய்ந்த மாமரம் சடசடவென்று எரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் தம்பி பிறந்தான். நல்ல குரல். அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். "அழுவுது இல்லக்கா? அழுவுது இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "நல்லா அழுவுது. நீ தூங்கு" என்றாள் பெரியம்மா.

நைனாவும் பெரிய நைனாவும் நனைந்துகொண்டே ஒன்றாகத் தெருவாசலில் ஏறினார்கள். பின்சந்தில் போக முடியாததால் நைனாவும் அன்று முன்வாசலால் வந்தார். இருவரும் முதலில் பார்த்தது ஓட்டையைத்தான்.

"யார்ரா இத்த இடிச்சது?" என்றார் பெரிய நைனா.

நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பாப்பா பொறந்துடிச்சி, தம்பி" என்றேன். அவர்கள் காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. நைனா குனிந்து ஓட்டையின் அகலத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தார்.

"மூணு துண்டு போயிருக்கு அண்ணாத்தே. எடுத்து வெச்சித் திரும்ப அடிச்சிடலாம். ஒடஞ்சிருந்தாலும் ஒண்ணு மிச்சம் கீது, அத்த வெச்சி..."

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். தோளில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அடுப்புல கீது" என்றாள்.

"இன்னாது?"

"துண்டு. நாலும் அடுப்புல கீது. போயி எடுத்துக்க."

பெரிய நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே குழந்தை வீறிட்டது. தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோட்டோடு முட்டிபோட்டு அந்த ஓட்டையில் நுழைந்தார். "எங்க, காட்டு" என்றார். நைனா பின்னால் வந்தார். சர்க்கார் குமாஸ்தாவும் கதர்க்காரரும் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வந்ததைப் பார்த்தபோது எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

பிரிக்கவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை ஓட்டைக்கு ஒரு கோணி தைத்துத் தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான்.

பெரியம்மா தினமும் காலையில் கோணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, தம்பியைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். மூக்கைப் பிடித்துவிடுவாள். கைகால்களைக் குறுக்காக மடக்கி எடுப்பாள். நான் வெந்நீர் மொண்டு தருவேன். அம்மா தலைக்குத் துணி கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள். அம்மா சிரித்து நான் பார்த்த நாட்கள் அவை.

மார்கழியில் நைனாவை மறியலில் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அதோடு பெரிய நைனாவுக்குக் குலை நடுங்கிவிட்டது. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புதிதாக மனை போட்டிருந்தார்கள். அங்கே ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பார்த்துவிட்டு வந்தார். தை பிறந்ததும் போவதாக ஏற்பாடு. போவதற்கு முன்னால் தடுப்பைப் பிரித்தார்கள். எதற்கு என்று கேளுங்கள். பலகையைப் பாகம் பிரிக்க! ஆளுக்கு எட்டு. ஒரு பேச்சு இல்லை, ஒரு சண்டை இல்லை. அவர்கள் போட்ட கணக்குகளிலேயே சிக்கல் இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான். கூடம் மறுபடி முழுசாக, வெளிச்சமாக, காற்றாக ஆயிற்று. அதில் இருக்கப் பாதிப்பேர் இல்லை.

வண்டி வந்த அன்று காலையிலும் பெரியம்மா தம்பியைக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். வாசலில் வண்டிக்காரர் கூப்பிட்டார். பெரிய நைனா கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. தலை துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, மை வைத்து, அவன் தூங்கின பிறகு அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டுத்தான் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பலகைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போனாள்.

மாம்பலம் என்ன சீமையா? நடந்தே போகலாம். நைனா போகக்கூடாது என்றார். பெரிய நைனா வரக்கூடாது என்றார். யார் பார்த்துவிடுவார்களோ என்று.

மறுநாள் அம்மா தானே கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தம்பியைக் கால்மேல் போட்டாள். எண்ணெய் வழுக்கியது. நான் ஊற்றின தண்ணீர் அவன் மூக்கில் போய்விட்டது. அவன் மூச்சுப் பிடித்துக்கொண்டு நீலமாகி, பிறகு வீறிட்டான். அம்மா அவனைத் தூக்கி முதுகில் தட்டினாள். சத்தம் கேட்டு நைனா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சி? இன்னா பண்ண?"

அம்மா என்றைக்கும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. அன்றைக்கும் பேசவில்லை. எழுந்து, நனைந்து வழுக்குகிற குழந்தையை அப்படியே அவர் கைகளில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நைனா பதறி, கிணற்றடியில் கால் நீட்டி உட்கார்ந்தார். கதர் வேட்டி நனைந்து கனத்தது. தம்பி அவர் முழங்காலில் வழுக்கி வழுக்கி இறங்கினான். மை படிந்த விரல்களால் அவனை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப இன்னா பண்ணணும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. சொம்பை வைத்துக்கொண்டு நின்றேன்.